கழற்றிப் போட்ட வலை

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பாதிப் பேருக்கு நேரில் தெரியும். மீதிப் பேர் வீடியோவில் பார்த்துவிட்டீர்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலையிலும் அந்த வீடியோவை யாரோ எனக்கே அனுப்பி வைத்திருக்கிறார்கள், சிரிக்கும் பொம்மையோடு. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சைடு-பை-சைடு வண்டி (பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கரடுமுரடான பாதையில் ஓட்டும், பக்கவாட்டு திறந்த நான்கு சக்கர வண்டி) வாங்கி மூன்று வாரம்கூட ஆகாத ஒரு தம்பி, முதல் தடவையாக நம்மோடு ஓட்ட வந்தான். "முதல்ல இந்தக் கொசுவலையைக் கழட்டுடா" என்று சொல்லி, கை வெளியே போகாமல் தடுக்கக் கதவுக்கு மேலே மாட்டும் இரண்டு பக்க வலையையும் அவன் கையாலேயே கழற்ற வைத்து, பின்பெட்டியில் வீசினார்கள். நான் "வேண்டாம்ப்பா, இருக்கட்டும்" என்றேன். "அண்ணனுக்குத் தொட்டில்ல போட்டாத்தான் தூக்கம் வரும்" என்று பதில் வந்தது. அந்தச் சிரிப்புதான் வீடியோவில் இருப்பது. சரி, என்னைச் சொன்னது போகட்டும். பதினோரு வருடம் கூடவே ஓட்டியவர்கள் சொன்னது என்பதால் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் எழுத வந்தது அதற்காக இல்லை. அந்த வலைக்காக.

சைடு-பை-சைடு வண்டியில் பக்கவாட்டு வலை இருக்க வேண்டும். ஓடும்போது மாட்டியிருக்க வேண்டும். மெதுவாகப் போனாலும், தெரிந்த பாதை என்றாலும், இருபது வருடம் ஓட்டியவர் என்றாலும் மாட்டியிருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

ஏன் என்று கேட்டால், வண்டி சாயும்போது கை தானாக வெளியே போகும். நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை. உட்காரப் பழகும் ஏழெட்டு மாதக் குழந்தையைக் கவனித்திருக்கிறீர்களா? பக்கவாட்டில் சாய்ந்தால் உடனே அந்தப் பக்கத்துக் கையை ஊன்றும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. உடம்போடு வருவது அது, சாகும்வரை போகாது. தரையில் விழும்போது அந்தக் கைதான் நம் தலையைக் காப்பாற்றுகிறது. அதே கையை ரோல் கேஜ் (ஆளைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூண்டு) குழாய்க்கு வெளியே நீட்டினால், அறுநூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி அதன் மேல் வந்து உட்காரும். வண்டியோடு வரும் கையேட்டைப் புரட்டுங்கள், கவிழும்போது கையை வெளியே நீட்டித் தடுக்கப் பார்க்காதே என்று எச்சரித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் போனாலும் கை நீளும். கை படிக்காது.

"நான் நீட்ட மாட்டேன், எனக்குப் பழக்கம் இருக்கு" என்று அன்று ஒருவர் மார்தட்டினார். அவருக்குச் சொல்கிறேன். அமெரிக்கக் கார் பந்தய ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டியைவிடவா நமக்குப் பழக்கம் அதிகம்? 1970-ல் டார்லிங்டன் பந்தயத்தில் அவர் கார் சுவரில் மோதி உருண்டபோது அவருடைய கை ஜன்னலுக்கு வெளியே துவண்டு ஆடியது, உலகமே பார்த்தது. பந்தயம் ஓட்டியே வாழ்ந்த மனிதர் அவர். அதற்கு ஆறு வருடம் முன்னால், 1964-ல் ரிவர்சைடு பந்தயத்தில் ஜோ வெதர்லி என்ற இன்னொரு ஓட்டுநரின் தலை ஜன்னலுக்கு வெளியே போய்ச் சுவரில் அடிபட்டது. அவர் பிழைக்கவில்லை. ரிச்சர்ட் பெட்டியின் விபத்துக்குப் பிறகுதான் அந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு ஜன்னல் வலையைக் கட்டாயமாக்கியது. இன்றுவரை அந்தப் பந்தயங்களில் வலை உண்டு. அந்த ஓட்டுநர்கள் எல்லோரும் தொட்டிலில் தூங்குகிறவர்களா?

என் கதையைப் பலருக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. மூன்று வருடம் முன்னால், பக்கத்து சீட்டில் என் மச்சினன். முந்தின நாள் சேற்றில் ஓட்டியதில் அவன் பக்கத்து வலையின் பக்கிள் இறுகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்த வேண்டியிருந்தது. "சாயங்காலம் கழுவிக்கலாம்" என்று சொல்லி நான்தான் கழற்றினேன். மடித்து சீட்டுக்குப் பின்னால் சொருகினேன். அன்று நாங்கள் பறக்கவில்லை. மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. பக்கவாட்டில் சரிந்த ஒரு ஏற்றத்தில் ஏறும்போது, புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு மரத்தின் அடிக்கட்டை மேல் இடது முன்சக்கரம் ஏறியது. வண்டி ஒரு கணம் யோசிப்பதுபோல நின்று, அப்புறம் மெல்ல வலது பக்கம் குடைசாய்ந்தது. அவ்வளவு மெல்ல. பெல்ட் போட்டிருந்தான். ஹெல்மெட் போட்டிருந்தான். கதவு மூடியிருந்தது. தலையில் ஒரு கீறல் இல்லை.

"மாமா, கை" என்றான். கத்தக்கூட இல்லை.

பின்னால் வந்தவர்கள் ஓடி வந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து கேஜைப் பிடித்துத் தூக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. மேல்குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருந்தது கை. வலது மோதிர விரலில் முதல் கணு இப்போது இல்லை. நடுவிரல் மடங்காது. இன்றைக்கும் வீட்டுக்கு வந்தால் இடது கையின் சட்டைக்கைப் பட்டனை அவனால் போட முடியாமல் அக்காவிடம் நீட்டுவான். அவள் பேசாமல் போட்டுவிடுவாள். அவன் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை. அந்த வலை அன்று சீட்டுக்குப் பின்னால் மடித்தபடியே இருந்தது, ஒரு நூல் பிரியாமல்.

அன்று வண்டியைத் தூக்கிய நான்கு பேரில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்றார்கள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் தரையைப் பார்த்தார். உங்கள் பெயரை எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

இனி வரப்போகும் பதில்களுக்கு வருகிறேன். எல்லாம் கேட்டுப் பழகியவை.

"கதவு இருக்கே, அப்புறம் வலை எதுக்கு?" கதவு எதுவரை வருகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் இடுப்பையோ முழங்கையையோ தாண்டாது. இந்த வண்டிகளுக்கான அமெரிக்கத் தரவரையறை உட்கார்ந்திருப்பவரின் பக்கவாட்டை நான்காகப் பிரிக்கிறது: காலும் பாதமும், இடுப்பும் தோளும், கை, தலையும் கழுத்தும். அரைக்கதவு முதல் பாதியைப் பார்த்துக்கொள்ளும். மேல் பாதியை யார் பார்ப்பது? கதவே இல்லாமல் வந்த காலமும் உண்டு. யமஹா ரைனோ கதவில்லாமல்தான் வந்தது. வண்டி சாயும்போது காலை வெளியே ஊன்றி அடிபட்டவர்கள் ஏராளம். கடைசியில் 2007-ல் அந்த நிறுவனமே இருக்கிற வண்டிகளுக்கு இலவசமாகக் கதவு மாட்டிக் கொடுத்தது. கால் போன காரணமும் கை போகிற காரணமும் ஒன்றுதான். கண்ணாடியோடு முழுக்க மூடிய கேபின் வைத்திருப்பவர்களை நான் சொல்லவில்லை, அவர்களுக்கு இது வேறு பேச்சு.

"நான் நாலு புள்ளி ஹார்னஸ் போட்டிருக்கேன்." நல்லது, போடுங்கள். ஹார்னஸ் நெஞ்சையும் இடுப்பையும் சீட்டோடு கட்டும். கையைக் கட்டாது. திறந்த பந்தயக் கார்களில் ஓட்டுபவர்கள் கைக்கென்றே தனி வார் மாட்டுவார்கள், கை ஓர் எல்லைக்கு மேல் போகாது. அதை மாட்டுகிறவரோடு எனக்குச் சண்டையே இல்லை. நம்மில் யாராவது மாட்டுகிறோமா?

"தீப்பிடிச்சா, தண்ணில கவுந்தா, வலைக்குள்ள மாட்டிக்குவோமே?" இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பயம் நியாயமானது. ஆனால் அதே நிமிடத்தில் சீட் பெல்ட்டையும்தானே கழற்ற வேண்டும்? அதற்காக பெல்ட் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே? வண்டி நிற்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, இடது கையால் ஒரு தடவை, வலது கையால் ஒரு தடவை, வலையைத் திறந்து பழகுங்கள். நான் பழகினேன். பிள்ளைகளையும் பழக்கினேன். மூன்று நான்கு பக்கிள் உள்ள வலை தொல்லை என்றால், ஒரே இழுப்பில் விழும் வகையை மாட்டுங்கள். நாஸ்காரில் மோதி நின்ற காரில் ஓட்டுநர் முதலில் செய்வது வலையை இறக்குவது. நான் நலமாக இருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். மோதிய உடனேயே அவர்களால் இறக்க முடிகிறது, நம்மாலும் முடியும். பக்கிளில் மண் அடைத்தால் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

"ஏறி இறங்கத் தொல்லை." இதுதான் உண்மையான காரணம். மற்றதெல்லாம் இதற்கு மேல் போர்த்திய போர்வை. தோட்ட வேலைக்கு நாள் முழுக்க நூறு தடவை ஏறி இறங்குகிறவர் சொன்னால் எனக்குப் புரிகிறது. அவரும் சரிவுக்குப் போகும்போது மாட்டட்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் காலையில் ஏறினால் மதியம்வரை இறங்காத நமக்கு என்ன தொல்லை? ஒரு பக்கிள் மாட்ட மூன்று விநாடி. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைக்க அதைவிட அதிக நேரம் செலவு செய்கிறோம்.

"பெல்ட் போடாதவங்கதான் சாகறாங்க, நீ ஏன் வலையைப் பிடிச்சுத் தொங்கறே?" இதை ஒரு நண்பர் அன்று கணக்கோடு பேசினார். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2014-ல் வெளியிட்டது. 2003 தொடக்கம் 2013 ஏப்ரல்வரை அவர்களுக்குத் தெரியவந்த 550 விபத்துகளில் 335 சாவு. அவர்கள் விரிவாக ஆராய்ந்த 428 விபத்துகளில், வண்டிக்குள் இருந்து இறந்தவர்களும் அடிபட்டவர்களுமான 610 பேரில் 433 பேர் முழுதாகவோ பாதி உடம்போ வெளியே வந்தவர்கள். பெல்ட் விவரம் தெரிந்தவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடவில்லை, அதுவும் உண்மை. அதனால் பெல்ட்தான் முதலில் என்று சொல்லுங்கள், நானும் கூடச் சொல்கிறேன். அதைக் காட்டி வலையைக் கழற்றச் சொல்வது எந்த ஊர்க் கணக்கு? பாதி உடம்பு வெளியே வந்தவர் என்று எழுதியிருக்கிறதே, அதை நிறுத்திப் படித்தீர்களா? என் மச்சினன் பெல்ட் போட்டிருந்தான்.

இன்னொன்று. வலை இருந்தால் மட்டும் போதாது. துணி காயப்போட்ட கொடிபோலத் தொங்கும் வலைகளையும் நம் கூட்டத்தில் பார்க்கிறேன். உள்ளேயிருந்து தள்ளினால் முழங்கை வெளியே போகிறது. அது இருந்தும் இல்லாத மாதிரிதான். வாரை இழுத்துக் கட்டுங்கள். வெயிலில் நின்று வெளுத்துப் போன நாடாவை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் மாற்றுங்கள். பந்தயத்துக்கான எஸ்எஃப்ஐ 27.1 என்ற பாதுகாப்புத் தர முத்திரை உள்ள வலையையே இரண்டு வருடத்துக்கு மேல் ஏற்றுக்கொள்வதில்லை. நம் வண்டியோடு வந்த வலை எத்தனை வருடமாக வெயிலில் நிற்கிறது?

"என் வண்டி, என் கை, உனக்கென்ன" என்று ஒருவர் எழுதுவார். எழுதுங்கள். ஆனால் ஓட்டுகிறவர் கையில் ஸ்டீயரிங் இருக்கிறது. வண்டி சாயும்போதும் அதை இறுகப் பிடித்திருப்பார். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கைப்பிடிதான். அவருக்குப் பாதை தெரியாது, எப்போது திருப்புவீர்கள் என்று தெரியாது, சக்கரம் எதன் மேல் ஏறுகிறது என்று தெரியாது. அவர் கைதான் முதலில் போகும். அது உங்கள் கை இல்லை. உங்களை நம்பி ஏறி உட்கார்ந்தவருடைய கை. என் வண்டி, என் இஷ்டம் என்று அன்று காலை நானும் இருந்தேன்.

எனக்குக் கோபம் அந்தச் சிரிப்பில்கூட இல்லை. அந்தத் தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். வீடியோவில் அது இல்லை, அதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டார்கள். பக்கிளில் கையை வைத்துக்கொண்டு, கழற்றவா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தான். மாட்டிக்கொண்டே ஓட்டத்தான் அவனுக்கு ஆசை. முதல் நாளே பத்துப் பெரியவர்கள் முன்னால் பயந்தவன் என்று பெயர் வாங்க அவனால் முடியவில்லை. கழற்றினான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்கள் என்று நாம்தான் நின்றுகொண்டிருந்தோம். நானும் ஒரு தடவை சொல்லிவிட்டு, சிரித்ததும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டாவது தடவை சொல்லியிருக்க வேண்டும்.

எல்லோரும் கிளம்பிய பிறகு கிளம்பலாம் என்று கடைசியாக நின்றேன். வண்டியை டிரெய்லரில் ஏற்றும்போது அந்த வலைகளை அவன் எடுத்துக் கீழே வைத்தவன் மறந்துவிட்டுப் போயிருந்தான். இப்போது என் ஷெட்டில், மேசை மேல் இருக்கின்றன. இழுத்துக் கழற்றியதில் வலது பக்க வலையின் ஒரு பக்கிளில் பல் உடைந்திருக்கிறது. நேற்று ராத்திரி உட்கார்ந்து அதை அறுத்தெடுத்து வேறு பக்கிள் தைத்தேன். வாரை இன்னும் இழுக்கவில்லை, அவன் உயரத்துக்கு உட்கார வைத்துத்தான் இழுக்க வேண்டும்.

தம்பி, இதைப் படித்தால் வண்டியோடு வா. சனிக்கிழமை முழுக்க வீட்டில்தான் இருப்பேன்.