கழற்றிய பிரேக் பேடைக் கேட்டு வாங்குங்கள்

கொழும்பில் கார் ஓட்டும் நம்மவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் தகட்டை இறுக்கி உரசும் பிரேக் பேடை மாற்றக் கராஜுக்குப் போனால், கழற்றிய பழைய பேட்களைக் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக் முகம் சுளிப்பாரோ என்று தயங்க வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய பொருள் தேய்ந்துபோன பிறகும் உங்களுடையதுதான். அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை உங்கள் கண்ணால் பார்க்காமல், அதை மாற்றியது சரியா என்று உங்களால் ஒருபோதும் சொல்ல முடியாது.

செலவு கூடிவிட்டது என்று எல்லோரும் புலம்புகிறோம். கூடியது உண்மைதான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பின்னர் இறங்கினாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. நாம் வாங்கும் பேட்கள் பெரும்பாலும் கப்பலில் வருபவை. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 வீதமாக ஏறியது. இதற்கிடையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. அத்தனை காலமும் இருந்த கார்களையே ஓட்டினோம். அவற்றுக்கும் வயது ஏறியது. இதையெல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் டொலர் உயர்வைச் சாட்டிக்கொண்டு, தேவையில்லாத வேலையையும் பில்லில் ஏற்றுகிறார்களே, அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

எங்கள் தொடர்மாடியில் வசிக்கும் ஆசிரியை ஒருவரின் காரில், பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரத்திலிருந்து உரசும் சத்தம் வந்தது. அவர் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மிஸ், இது பெரிய ஆபத்து, இப்படியே ஓட வேண்டாம்" என்றார்கள். பேட், சக்கரத்தோடு சுழலும் தகடான டிஸ்க் இரண்டு, டிஸ்க்கின் இருபுறமும் பேட்களை அழுத்தும் கலிப்பர் இரண்டு எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்று சொல்லி 90,000 ரூபாய்க்கு மேல் கணக்குக் காட்டினார்கள். தனியாக நின்ற பெண்மணியிடம் "ஆபத்து" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? நல்ல வேளையாக, தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அடுத்த நாள் தெகிவளைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். கலிப்பரை அசைய விடும் ஊசிகள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தன. உட்பக்கப் பேட் மட்டும் தேய்ந்து ஓடாகிப்போயிருந்தது. அவர் ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார், அதற்குரிய கிரீஸைப் பூசினார், ரப்பர் உறைகளை மாற்றினார், புதிய பேட் போட்டார். டிஸ்க்கின் தடிப்பை அளந்து, அதில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவையும் எங்களுக்குக் காட்டினார். இன்னும் தாராளமாக ஓடும் என்றார். எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்குள் முடிந்தது.

பணத்தில் இருந்த வித்தியாசத்தைவிட என்னைக் கோபப்படுத்தியது, முதல் இடத்தில் பயன்படுத்திய அந்த "ஆபத்து" என்ற பேச்சு. பிரேக் உண்மையிலேயே உயிர் சம்பந்தப்பட்ட விடயம். ஆகவே அந்தப் பயத்தை விற்பனைக்குப் பயன்படுத்துவதை நான் சாதாரண வியாபாரத் தந்திரமாகப் பார்க்கவில்லை. ஒருமுறை ஏமாந்தவர், அடுத்த முறை நேர்மையான மெக்கானிக் உண்மையாகவே எச்சரித்தாலும் நம்ப மாட்டார். அன்றைக்கு யாருக்காவது அடிபடும்.

உட்பக்கப் பேட் மட்டும் தேய்வது நம் பக்கத்தில் அபூர்வம் இல்லை. வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் மரைன் டிரைவ் ஓரமாகக் கார் நிறுத்துபவர்களுக்குக் கடற்காற்று என்ன செய்யும் என்று தெரியும். யன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்பு, சக்கரத்துக்குள்ளும் போகிறது. கலிப்பர் பிஸ்டன் உட்பக்கப் பேடைத் தள்ளும். அதன் எதிர்விசையால் கலிப்பர் முழுவதும் அந்த ஊசிகளில் சறுக்கி வந்து வெளிப்பக்கப் பேடையும் டிஸ்க்கோடு அழுத்த வேண்டும். ஊசி இறுகினால் சறுக்காது. பாரமெல்லாம் ஒரு பேடின் தலையில் விழும். சக்கரத்தின் இடைவெளி வழியாக எட்டிப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கப் பேட் மட்டுமே. அது தடிப்பாக இருப்பதைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அக்வா, பிரியஸ், வெசல் போன்றவற்றில் வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறிக் கணிசமான பங்கை மின்சாரமாக்கி பற்றரிக்கு அனுப்புகிறது. பேடுக்கு வேலை குறைவு, ஆகவே நீண்ட காலம் வரும். அது நல்ல செய்திதான். ஆனால் குறைவாக உழைக்கும் பிரேக்கில் துரு நிம்மதியாகக் குடியேறும். பேட் தேயாததால் யாரும் அதைத் திறந்து பார்ப்பதும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் பூசச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் ஆகும் அந்தக் கூலியைக் கொடுக்க மனமில்லாமல்தான் பிறகு பத்தாயிரக் கணக்கில் கலிப்பருக்குக் கொடுக்கிறோம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஏமாற்றுகிறார்கள் என்ற பயத்தில் மாற்றாமலே ஓட்டுபவர்களும் நம்மில் அதிகம். அது அதைவிட மோசமான கணக்கு. 1,100 கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 1,50,000 ஜூல் ஆற்றலைப் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். அரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காலி வீதியில் பஸ் ஒன்று திடீரென்று ஓரம் கட்டுகிறது, முச்சக்கர வண்டி குறுக்கே வெட்டுகிறது, பாதசாரிக் கடவையில் ஒருவர் இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் அந்தச் சூட்டைத் தாங்குவது சில மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு பூச்சுத்தான். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது.

புதிய பேடில் உராயும் பகுதி பொதுவாக 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றிவிடுவது நல்லது. பல பேட்களில் சிறிய உலோகத் தகடு ஒன்று பொருத்தியிருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் பட்டுக் கீச்சிடும். அந்தக் கீச்சொலியை வானொலிச் சத்தத்தைக் கூட்டி மறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதற்கு அடுத்து வருவது இரும்பும் இரும்பும் உரசும் கரகரப்பு. அந்தக் கட்டத்தில் டிஸ்க்கில் பள்ளம் விழுந்துவிடும். அதை லேத்தில் கடையலாம், அதுவும் குறைந்தபட்சத் தடிப்பு மிஞ்சினால் மட்டும். இல்லாவிட்டால் புதிய டிஸ்க் வாங்க வேண்டியதுதான். பேடுக்கு மிச்சம் பிடித்த காசு அங்கே பல மடங்காகப் போகும்.

விலைக்கு வருகிறேன். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரே காருக்குரிய முன் பேட் செட்டுக்கு ஒரு கடையில் 6,500 என்றும், அடுத்த கடையில் 11,000 என்றும், இன்னொன்றில் 20,000க்கு மேல் என்றும் சொன்னார்கள். செட் என்றால் இரண்டு முன் சக்கரங்களுக்கும் சேர்த்து நான்கு பேட். ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது கூடாது, கார் ஒரு பக்கம் இழுக்கும். மேலே சொன்ன விலைகளில் எது அநியாயம் என்று பெட்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கார் நிறுவனத்தின் பெயரோடு வருவது ஒன்று. அதே நிறுவனங்களுக்குப் பிரேக் செய்து கொடுக்கும் அட்விக்ஸ், அகெபோனோ போன்றவர்கள் தங்கள் சொந்தப் பெட்டியில் விற்பது இன்னொன்று. என் பார்வையில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இந்த இரண்டாவது வகையே போதும். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு மூன்றாவது. இவற்றோடு அசல் போலவே அச்சடித்த போலிப் பெட்டியும் சந்தையில் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம், ஏனென்றால் அசலின் விலையைக் கொடுத்து மலிவுச் சரக்கை வாங்குகிறீர்கள். ஆகவே பேரம் பேசுவதற்கு முன் எந்த நாடு, எந்த உற்பத்தியாளர், எந்தப் பாக இலக்கம் என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்து, பேடின் முதுகிலும் உற்பத்தியாளரின் பெயரும் இலக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் எண்ணெயையும் இதோடு சேர்த்துக் கேட்டுவிடுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான அறிவுரை. கொழும்பின் ஈரப்பதத்தில் அதைத் தள்ளிப்போட வேண்டாம். கடுகண்ணாவையிலோ றம்பொடையிலோ நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் கொதித்த எண்ணெயில் குமிழி உண்டாகும். மிதித்த கால் வெறுமையாக உள்ளே போகும். புதிய பேட் போட்டிருந்தாலும் அப்போது பயன் இல்லை.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூடக் கராஜில் வாய் திறப்பதில்லை. எனக்கு இதுதான் மிகவும் வேதனை. சிங்களத்தில் இரண்டு வாக்கியம் பேசத் திணறும் நம் முதியவர்கள், பெண்கள், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்து குடியேறியவர்கள் "சரி, சரி" என்று தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கட்டுகிறார்கள். பில்லில் "பிரேக் வேலை" என்று ஒரே வரி, அதற்கு எதிரே ஒரு தொகை. எந்தப் பேட், என்ன விலை, கூலி எவ்வளவு, ஒன்றும் இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அந்த அதிகார சபையிடம் முறைப்பாடு செய்ய 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பொருளுக்கும் கூலிக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்வது அவமரியாதை இல்லை. நேர்மையாக வேலை செய்பவர் அதற்குக் கோபப்படுவதும் இல்லை.

அப்படி நேர்மையாக வேலை செய்பவர்களுக்குக் கூலியைக் குறைக்கச் சொல்லி நாம் நச்சரிப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. நெருக்கடிக்குப் பிறகு கை தேர்ந்த பலர் வெளிநாடு போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர் ஊசியைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஆணிகளைச் சரியான முறுக்கு அளவு பார்த்து இறுக்கிப் பூட்டி, காரைத் தானே ஓட்டிப் பார்த்துத் தருகிறார் என்றால், கேட்ட கூலியை மனதாரக் கொடுங்கள். கூலியில் நசுக்கினால் அவரும் பேடின் விலையில் ஏற்றத்தான் பார்ப்பார்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. வாகன வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். பஸ்ஸுக்கும் லொறிக்கும் தகுதிச் சான்றிதழ் கேட்கும் சட்டம், தனியார் காரின் பிரேக்கை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. பதினைந்து, இருபது வயதுக் கார்கள் நிறைந்த நகரத்தில் இது சரியே இல்லை. புகை சோதிக்கும் இடங்களிலேயே பிரேக் சோதிக்கும் உருளை இயந்திரங்களையும் வைக்கட்டும். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு விசையில் பிடிக்கிறது என்று அது அச்சடித்துத் தரும். இன்னும் ஓராயிரம் ரூபாய் கட்டணம் கேட்டாலும் நான் கட்டத் தயார். கராஜ்காரர் கலிப்பரை மாற்றச் சொன்னால், அந்தத் தாளை எடுத்து முன்னால் வைத்துக் கேள்வி கேட்கலாம். அந்த ஆசிரியையும் தம்பியைத் தேடாமல் தானே கேட்டிருப்பார்.