சேலத்தில் கலைக்கூடம் கட்டுவதென்றால், முதலில் கூரையைப் பேசுவோம்

தற்காலக் கலைக்கூடம் என்ற பேச்சு எழுந்தாலே முகப்பைப் பற்றித்தான் விவாதிக்கிறோம். 1997-இல் ஸ்பெயினின் பில்பாவோ நகரில் ஃபிராங்க் கெரி வடிவமைத்த, டைட்டானியத் தகடு போர்த்திய குக்கன்ஹைம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டதிலிருந்து இந்த ஆசை உலகெங்கும் பரவியிருக்கிறது. இரும்பாலை உள்ள ஊர் என்பதால் நமக்கும் எஃகில் பளபளக்கும் கூடம் வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். 2023-இல் பெங்களூரில் திறந்த கலை, ஒளிப்பட அருங்காட்சியகத்தின் எஃகுச் சுவர்களைச் சான்றாகவும் காட்டுகிறார்கள். எஃகின் மேல் எனக்குப் பகையில்லை. ஆனால் ஓவியத்தை வாழவைப்பதும் கெடுப்பதும் கூரைவழி இறங்கும் வெளிச்சம்தான்.

ஐரோப்பாவில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்பதால், வடக்கு நோக்கிய கூரைக் கண்ணாடி நிழலான, சீரான வெளிச்சத்தைத் தருகிறது. அதை அப்படியே இங்கே எடுத்துவர முடியாது. சேலத்தில் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், அதே சாய்வுக் கண்ணாடி அக்கினி நட்சத்திர வெயிலை நேரே உள்ளே கொட்டும். காகிதத்தில் வரைந்த படைப்புகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவே ஏற்றது என்று கலைப்பொருள் பாதுகாப்பாளர்கள் கொள்ளும்போது இது சிறிய பிழையன்று. கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஆழமான இறவாரமும், காலை மாலைச் சாய்வெயிலைத் தடுக்க இரு பக்கமும் மறைப்புச் சுவர்களும் வைத்தாக வேண்டும். அகமதாபாத் மேலாண்மைக் கழகத்தால் நமக்கு அறிமுகமான கட்டடக் கலைஞர் லூயி கான், டெக்சாஸில் 1972-இல் திறந்த கிம்பெல் அருங்காட்சியகத்தில் வேறு வழி கண்டார்: வளைகூரையின் உச்சியில் நீளமான பிளவு, அதன் கீழே அலுமினியப் பிரதிபலிப்பான். வெயில் முதலில் கான்கிரீட் வளைவில் பட்டுத் தணிந்த பிறகே சுவருக்கு வருகிறது. எனக்கு பில்பாவோவைவிட இதுவே பெரிய சாதனை.

ஏற்காட்டில் கட்டலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: பூஞ்சை. மூடுபனி சூழும் மாதங்களில் ஈரத்தை வெளியேற்றும் இயந்திரங்கள் ஓயாமல் ஓட வேண்டியிருக்கும்.

என் தெரிவு செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பழைய கிடங்குகளில் ஒன்று. லண்டனில் பழைய மின்நிலையம் 2000-இல் டேட் மாடர்ன் கலைக்கூடம் ஆனது. கொச்சியில் 2012-இல் தொடங்கிய பினாலே என்னும் கலைவிழாவுக்குப் பழைய ஆஸ்பின்வால் வணிக வளாகமே முதன்மைக் களமாக இருந்தது. கிடங்குக்குச் சன்னல் குறைவு என்பதே நமக்கு வசதி: மாட்டுவதற்குச் சுவர் மிச்சம், வெளிச்சத்தை வேண்டிய இடத்தில் மட்டும் திறந்துகொள்ளலாம். சரக்கு ஏற்றி இறக்கும் கதவு ஏற்கெனவே இருப்பதால், பெரிய சிற்பங்களைக் கொண்டுவரச் சுவரை இடிக்கவும் வேண்டியதில்லை.