கேட்டாலே லாபமாம்!

ஒலிம்பிக் மாதிரிப் பெரிய போட்டிகளை நடத்தும் உரிமையை நகரங்கள் ஏலம் போலப் போட்டி போட்டுக் கேட்பது பற்றிய அந்த நேரலையைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. பார்க்காதவர்கள் பார்க்காமலே இருந்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும். "போட்டி கிடைக்குதோ இல்லையோ, ஏலத்தில் நின்று கேட்பதே ஒரு நகரத்துக்கு லாபம்தான்" என்று அதில் பேசிய அண்ணன் ஒருவர் ஒரே போடாகப் போட்டார். யாருக்கு லாபம், எந்தக் கணக்கில் லாபம் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். "இவருக்கு விளையாட்டு என்றாலே அலர்ஜி" என்று பதில் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சரி, அங்கே சொல்ல விடாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஒலிம்பிக்கோ உலகக் கோப்பையோ, பொருள் ஒன்று, கேட்பவர் பலர். இந்த மாதிரி ஏலத்தில் யார் ஜெயிப்பார்? வரவை மற்ற எல்லாரையும்விடக் கூட்டி, செலவை மற்ற எல்லாரையும்விடக் குறைத்து எழுதத் துணிந்தவர். லண்டன் 2005-இல் 2012 ஒலிம்பிக்குக்காகப் பாரிசை 54-50 ஓட்டில் முந்தியபோது காட்டிய செலவு சுமார் 240 கோடி பவுண்ட். 2007-இல் அதே அரசு அறிவித்த பட்ஜெட் 930 கோடி. இரண்டு வருடத்தில் விலைவாசி நான்கு மடங்கா ஏறிவிட்டது? வரி, பாதுகாப்பு, அவசரக் கையிருப்பு எதையும் முதல் கணக்கில் ஒழுங்காகச் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தால் ஜெயித்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள். கூடுதல் செலவுக்கு ஒலிம்பிக் கமிட்டி பொறுப்பா? கிடையாது. ஊரும் அரசும் உத்தரவாதக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் விண்ணப்பத்தையே தொடுவார்கள். ஏலம் விடுகிறவருக்கு லாபம், எடுப்பவருக்குப் பொறுப்பு. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

தோற்றவர் கதை இன்னும் விசேஷம். 2016 போட்டியைக் கேட்டு டோக்கியோ ஏறக்குறைய 1,500 கோடி யென் செலவழித்தது, ரியோவுக்குப் போய்விட்டது. அதே ஏலத்தில் சிகாகோவுக்காக ஒபாமாவே கோபன்ஹேகனுக்குப் பறந்து போய்ப் பேசினார். முதல் சுற்றிலேயே வெளியே. டெட்ராய்ட் ஏழு முறை கேட்டு ஏழு முறையும் தோற்றது. கேட்டாலே லாபம் என்றால் டெட்ராய்ட் இந்நேரம் எங்கேயோ போயிருக்க வேண்டும், 2013-இல் திவால் மனுப் போட்டிருக்கக் கூடாது. (திவாலுக்குக் காரணம் ஒலிம்பிக் இல்லை என்று எனக்கும் தெரியும், உடனே வந்துவிடாதீர்கள்.) நாகானோவில் 1998 குளிர்கால ஒலிம்பிக்கைக் கேட்டு வாங்கிய பிறகு, ஏலக் குழுவின் கணக்குப் புத்தகங்களை எரித்தே விட்டார்கள். லாபக் கணக்கை யாராவது எரிப்பார்களா?

"அப்போ லாஸ் ஏஞ்சலஸ்?" வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். 1984 ஒலிம்பிக்கில் 20 கோடி டாலருக்கு மேல் மிச்சம், உண்மை. ஆனால் அது எப்படி வந்தது? மாண்ட்ரியால் 1976 ஒலிம்பிக்கை நடத்திப் பட்ட கடனைப் பார்த்து உலகமே ஒதுங்கி நின்ற நேரம் அது. தெஹ்ரான் விலகிய பிறகு கேட்க வேறு ஆளே இல்லை. அதனால் நஷ்டத்துக்கு நகராட்சி பொறுப்பேற்காது என்று நிபந்தனை போட முடிந்தது, 1923-இல் கட்டிய பழைய மைதானமே போதும் என்று சொல்லவும் முடிந்தது. ஏலமே நடக்காததால் வந்த லாபத்தை ஏலத்துக்கு ஆதாரமாகக் காட்டுகிறீர்கள். அடுத்து, 1992 ஒலிம்பிக்கால் ஊரே மாறியது என்று பார்சிலோனாவைக் காட்டுவீர்கள். அந்த ஊருக்குக் கடற்கரையைத் திருத்தும் திட்டம் முன்பே இருந்தது, அவ்வளவுதான்.

இன்னொருவர் இன்பாக்ஸில் ஒரு ஆய்வை அனுப்பிப் படிக்கச் சொன்னார். ரோஸ், ஸ்பீகல் என்ற பொருளாதார அறிஞர்கள் எழுதியது: போட்டியைக் கேட்டுத் தோற்ற நாடுகளுக்கும் ஏற்றுமதி கூடுகிறதாம். படித்தவன்தான் ஐயா. அது நாட்டின் வணிகக் கணக்கு, நகரத்தின் கஜானா கணக்கு கிடையாது. ஒத்த நிலையில் உள்ள நாடுகளோடு ஒப்பிட்டால் அந்த விளைவே காணாமல் போகிறது என்று 2012-இல் மேனிக், ரிக்டர் இருவரும் எழுதிய மறுப்பையும் சேர்த்து அனுப்பியிருக்கலாமே? மான்செஸ்டரை ஒப்புக்கொள்கிறேன். ஒலிம்பிக் கிடைக்காவிட்டாலும் அந்த முயற்சியில் கட்டிய சைக்கிள் பந்தய அரங்கம் இன்றும் ஓடுகிறது. ஆனால் அரங்கம் வேண்டுமென்றால் அரங்கத்தைக் கட்டுங்கள், நடுவில் எதற்கு ஏலம்?

அலர்ஜி என்றார்களே, அதுதான் மனதை விட்டுப் போகவில்லை. நான் 800 மீட்டர் ஓடியவன். விடியும் முன்பே போய் மண் தடத்தில் ஓடுவோம், யாரும் தடுத்ததில்லை. ஒரு பெரிய போட்டி வருகிறது என்று அதே மைதானத்தில் செயற்கைத் தடம் போட்டார்கள். வேலை முடியும்வரை பூட்டு. போட்டி முடிந்த பிறகும் பூட்டு. மிதித்தால் தடம் பாழாகிவிடுமாம், ஓடுவதற்காகப் போட்ட தடம்! மிதிக்க ஆளில்லாமலே அந்தச் சிவப்பு ரப்பர் வெயிலில் ஓரம் பிய்ந்து சுருண்டு கிடந்ததைக் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தோம். அப்புறம் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிச் சாலையோரத்தில் ஓடினோம். கூட ஓடியவர்களில் பாதிப் பேர் ஓட்டத்தையே விட்டுவிட்டார்கள். விளையாட்டை யாருக்குப் பிடிக்காது என்பதை என்னிடம் பேச வேண்டாம்.

எங்கள் மைதானம் மட்டுமா? பிரேசிலின் மனாஸ் நகரத்தில், அமேசான் காட்டு நடுவே, 2014 கால்பந்து உலகக் கோப்பைக்காக நாற்பதாயிரம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம் கட்டினார்கள். அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் நான்கு. அந்த ஊரில் முதல் டிவிஷன் அணிகூடக் கிடையாது.

"பெருமையைப் பணத்தால் அளக்காதீர்கள்" என்பவர்களுக்கு: அளக்கவில்லை. கடன் கட்டப் போகிறவர்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள் என்கிறேன். டென்வர் மக்களைக் கேட்டார்கள். கையில் கிடைத்த 1976 குளிர்கால ஒலிம்பிக்கையே 1972-இல் ஓட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஹாம்பர்க் மக்கள் 2015-இல் வேண்டாம் என்றார்கள். புடாபெஸ்டில் இளைஞர்கள் வாக்கெடுப்புக் கேட்டு இரண்டு லட்சத்துக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள். வாக்கெடுப்பு நடக்கும் முன்பே 2017-இல் அரசுத் தரப்பு விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அவ்வளவு லாபமான சமாச்சாரத்தைப் பணம் கட்டுகிறவரிடம் கேட்க ஏன் இத்தனை பயம்? அந்த இளைஞர்களை ஆளும் தரப்பு கனவைக் கொன்றவர்கள் என்று திட்டியது. கணக்குக் கேட்பவனுக்கு எந்த ஊரிலும் ஏதாவது ஒரு பட்டம் தயாராக இருக்கும் போல.

இதற்குக் கீழேயும் வந்து "பார்சிலோனா" என்று எழுதப் போகிறவர்கள் மேலே ஒரு முறை படித்துவிடுங்கள், மறுபடி பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஒலிம்பிக்கில் நஷ்டம் வருவது ஆண்பிள்ளை பிள்ளை பெறுவது மாதிரி, நடக்காத காரியம் என்று மாண்ட்ரியால் மேயர் டிராப்போ சொன்னார். அந்தக் கடனை அடைக்க 2006 வரை ஆனது. அதற்கு யாரிடமாவது விளக்கம் இருந்தால் எழுதுங்கள், அவருக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.