எந்த மாதம் என்று சொல்லாமல் எந்தக் கடற்கரை என்று சொல்ல முடியாது
இலங்கையின் சிறந்த பத்துக் கடற்கரைகளுக்கும் ‘எந்த மாதமும் போகலாம்’ என்று இந்தப் பயணக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் தெற்கு, தென்மேற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸ, ஹிக்கடுவ பக்கம் கடல் கொந்தளிக்கும். ஜூலையில் நாங்கள் அங்கே பார்த்தது மணல் கலங்கிய பழுப்புத் தண்ணீரும் சிவப்புக் கொடியும்தான்; பிள்ளைகளைக் கால் நனைக்கக்கூட விடவில்லை. அங்கிருந்து கிழக்குக் கரையிலுள்ள நிலாவெளிக்குப் போனால் கடல் குளம் மாதிரி கிடந்தது, இடுப்பளவுத் தண்ணீரில் கால்விரல்கள் தெரிந்தன. டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழ். மேலே கருத்து எழுதிய ஒருவர் கிழக்குக் கரை என்றாலே குழந்தைகளுக்குப் பயமில்லை என்கிறார், அதுவும் சரியல்ல. அதே கிழக்குக் கரையின் அறுகம்பையில் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில்தான் அலைச்சறுக்குக்காரர்கள் குவிகிறார்கள், அலை அப்படி. சின்னப் பிள்ளைகளோடு கிழக்குக்குப் போகிறவர்கள் பாசிக்குடாவைப் பாருங்கள், வெகுதூரம் நடந்தாலும் ஆழம் வராது.