எவ்வளவு குடித்தாலும் தள்ளாடாதவர்

எந்த நண்பர் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். மற்றவர்கள் உளறத் தொடங்கிய பிறகும் தெளிவாகப் பேசுவார். எல்லோரையும் பத்திரமாக அனுப்பிவைத்துவிட்டுத்தான் கிளம்புவார். "அவனுக்கு ஒன்றும் ஆகாது, எவ்வளவு குடித்தாலும் தாங்குவான்" என்று பெருமையாகச் சொல்வார்கள். இந்தப் பாராட்டைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. அந்தக் கூட்டத்தில் யாரைப் பற்றியாவது கவலைப்பட வேண்டுமென்றால் முதலில் அவரைப் பற்றித்தான்.

அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட் இளைஞர்கள் பலரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். ஒரே அளவு குடித்தும் யாருக்குப் போதை குறைவாக ஏறியதோ, அவர்களில்தான் பின்னாளில் குடிநோயாளிகள் அதிகம். "போதும்" என்று உடம்பு எழுப்பும் குரல் அவர்களுக்குத் தாமதமாகவே கேட்கிறது. அதற்குள் இன்னும் இரண்டு சுற்று உள்ளே போய்விடுகிறது. பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள் ஒரு பக்கம். குடித்துக் குடித்தே தாங்கும் சக்தி வந்தவர்கள் இன்னொரு பக்கம். மதுவின் மந்தத்தை ஈடுகட்ட அவர்களுடைய மூளை தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. நடை தள்ளாடவில்லை என்பதற்காகக் கல்லீரல் சலுகை எதுவும் தருவதில்லை.

சரி, நண்பர்களோடு குடிப்பது அடிமைத்தனமாக மாறும் எல்லை எங்கே? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் கேட்பது "எவ்வளவு வரை குடிக்கலாம்?" என்பதைத்தான். அனுமதிச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. ஆனால் உடல் கெடுவது ஒன்று, அடிமையாவது வேறொன்று. குடிநோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட வரையறையில் 11 அறிகுறிகள் இருக்கின்றன. 12 மாதங்களுக்குள் அவற்றில் இரண்டு தென்பட்டாலே லேசான பாதிப்பு. ஆறோ அதற்கு மேலோ என்றால் கடுமையானது. அந்தப் பதினொன்றில் எங்கும் "இத்தனை மில்லி" என்ற கணக்கே கிடையாது. நினைத்ததைவிட அதிகமாகக் குடிக்கிறீர்களா, குறைக்க நினைத்தும் முடியவில்லையா, தொல்லை வருகிறது என்று தெரிந்தும் தொடர்கிறீர்களா என்றுதான் கேட்கிறது.

அவற்றில் ஒன்றைத்தான் நான் மற்றவற்றைவிடப் பெரிதாக நினைக்கிறேன்: முன்பு பிடித்திருந்தவற்றைக் கைவிடுவது. நண்பர்களோடு மட்டும் குடிப்பவர் என்றால், நண்பர்களுக்காக வந்த இடத்தில் குடிக்கிறார் என்று பொருள். இந்த வரிசை சத்தமில்லாமல் தலைகீழாகும். மது இல்லாத விசேஷங்களுக்கு நேரமில்லை என்பார். குடிக்காத பழைய நண்பரின் அழைப்புக்குப் பதில் வராது. புதிய நண்பர்கள் சேர்வார்கள், எல்லோரும் குடிப்பவர்கள். இப்போதும் அவர் தனியாகக் குடிப்பதில்லை. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது, அவருக்கும்தான். கூட்டத்துக்காகக் குடித்தவர், குடிப்பதற்காகக் கூட்டம் சேர்க்கிறார். தனிமையில் குடிப்பதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். கூட்டத்தைப்போல் வசதியான மறைவிடம் வேறு கிடையாது என்பது என் எண்ணம்.

இந்தக் கட்டத்தில் பலர் "முன்புபோல் சந்தோஷமாகக்கூட இல்லை" என்பார்கள். பொய் சொல்லவில்லை. வேட்கையும் இன்பமும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடப்பவை என்று 1993இல் ராபின்சன், பெரிட்ஜ் என்ற இரு மூளை ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்பம் வற்றிய பிறகும் வேட்கை வளர்ந்துகொண்டே போகலாம்.

குடிப்பவர்கள் போதை மருந்து எடுப்பவர்களை இளக்காரமாகப் பார்ப்பதும் வேடிக்கைதான். 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஒருமுறையாவது பயன்படுத்தியவர்களில் வாழ்நாளில் எப்போதாவது அடிமையானவர்கள் ஹெராயினில் 23 சதவீதம், கொகெயினில் 17, மதுவில் 15, கஞ்சாவில் 9. கொகெயினுக்கும் மதுவுக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். (முதலிடம் புகையிலைக்கு, 32.) பெரும்பாலோர் தப்பிக்கிறார்கள் என்றும் இதைப் படிக்கலாம், உண்மைதான். ஆனால் தான் எந்தப் பக்கம் என்பது முதல் கோப்பையின்போது யாருக்கும் தெரியாது.

கடைசியாக ஒன்று. "அடிமை இல்லையென்றால் ஒரு வாரம் நிறுத்திக் காட்டு" என்று சவால் விடுபவர்கள் இருக்கிறார்கள். எப்போதாவது குடிப்பவரிடம் சொல்லலாம். பல ஆண்டுகளாகத் தினமும் மிகுதியாகக் குடித்தவரிடம் சொல்லாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்குப் பிதற்றலும் மாயக் காட்சிகளும் வரும். உயிரே போகலாம். இதற்கும் மனவுறுதிக்கும் தொடர்பில்லை. மருத்துவர் பார்வையில் முதல் சில நாட்களைக் கடக்க மருந்தும் தயமினும் (வைட்டமின் பி1) கொடுப்பார்கள். பிறகு மீண்டும் குடிக்காமல் இருக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. நால்ட்ரெக்சோனைக் குடிநோய்க்குக் கொடுப்பதற்கான அனுமதி அமெரிக்காவில் 1994இலேயே கிடைத்துவிட்டது. இப்படி மருந்துகள் இருப்பதே தெரியாத குடும்பங்கள்தான் அதிகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.