ஒவ்வொரு படத்திலும் ஒரு பெயர்

1898 ஜூலை 30 அன்று வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ். அவரை ஓவியர் என்பதைவிட, ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு எழுதுபொருள் கடையில் வேலை. காகிதத்துக்கும் வண்ணத்துக்கும் நடுவில் வளர்ந்த பெண், ஜெர்மனியின் வைமர் நகரில் புதிதாகத் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளிக்குப் போய் ஓவியர் யோஹானஸ் இட்டனிடம் படித்தார். அப்புறம் வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிங்கரோடு சேர்ந்து மடக்கி அடுக்கக்கூடிய நாற்காலிகள், துணிகள், ஒரு மாண்டிசோரி குழந்தைகள் பள்ளியின் உள்ளமைப்பு என்று பலதும் செய்தார். 1934இல் அரசியல் காரணத்துக்காகக் கைதாகி, விடுதலையானதும் பிராகுக்குப் போய்விட்டார். அங்கே அகதிக் குழந்தைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தார். அப்போது உடன் இருந்த மாணவி ஈடித் கிராமர்தான் பின்னாளில் அமெரிக்காவில் ஓவியவழிச் சிகிச்சைத் துறைக்கு அடித்தளம் போட்டவர்.

1942 டிசம்பரில் அவரையும் கணவர் பாவெலையும் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ மூட்டைதான் அனுமதி. அந்தக் கணக்குக்குள் அவர் திணித்துக்கொண்டது பெரும்பாலும் வரைபொருட்களை. குளிருக்கு இன்னொரு கம்பளி எடுத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

முகாமில் குழந்தைகளுக்குப் பள்ளிப் பாடம் நடத்தத் தடை. படம் வரைவதை விட்டுவைத்திருந்தார்கள். அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலக் காகிதம் என்று கிடைத்ததிலெல்லாம் பிள்ளைகள் வரைந்தார்கள். வண்ணம் இல்லாதபோது காகிதத்தைக் கிழித்து ஒட்டினார்கள். இட்டனிடம் தான் கற்ற அதே பயிற்சிகளை, தாளத்துக்கு ஏற்பக் கோடு வரைவதை, அவர் இவர்களுக்கும் கொடுத்தார்.

இங்கே எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்தப் படங்களைப் பகிர்கிறவர்கள் கண்ணீரோடு பகிர்கிறார்கள், சரி. ஆனால் அதோடு நின்றுவிடுகிறார்கள். அவற்றில் நிறைய, பாடத்துக்காகச் செய்த பயிற்சிகள். பூ, வீடு, சாப்பாட்டு மேசை, கோடுகளின் ஓட்டம். பரிதாபப்பட்டு நேரம் போக்க அல்ல, நிஜமாகவே கற்றுக்கொடுக்கத்தான் அவர் அந்த அறைக்குள் போனார். அந்தப் பிள்ளைகளை மாணவர்களாகப் பார்த்தார். அந்த இடத்தில் அதைவிடப் பெரிய மரியாதையை யார் தந்திருக்க முடியும்?

படத்தில் பெயர் எழுதச் சொல்வார். முகாமுக்கு ரயிலேற்றும் பட்டியலில் வெறும் எண்ணாகிப்போன பிள்ளைகளை!

1944 செப்டம்பர் 28 அன்று பாவெலை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில் ஏற்றினார்கள். கணவர் போன இடத்துக்கே தானும் போக வேண்டும் என்று ஃப்ரீடல் தானாகவே பெயர் கொடுத்தார். அக்டோபர் 6 அன்று ரயில் ஏறினார். 9ஆம் தேதி ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கெனாவில் கொல்லப்பட்டார். வயது 46. பாவெல் பிழைத்துவிட்டார். இந்த இடத்தைக் காதல் கதையாக மட்டும் சொல்லி முடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏனென்றால் கிளம்புவதற்கு முன் பிள்ளைகளின் படங்கள் பத்திரமாக இருக்க அவர் வழி செய்துவிட்டுத்தான் போனார். இரண்டு பெட்டிகள், சுமார் 4,500 படங்கள். 1945இல் வில்லி கிரோக் என்பவர் அவற்றைப் பிராகுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இன்று அங்குள்ள யூத அருங்காட்சியகம் பாதுகாக்கிறது.

சில வருடங்களுக்கு முன் பிராகில் பிங்காஸ் தொழுகைக்கூடத்தில் அவற்றில் சிலவற்றைப் பார்த்தேன். கீழ்த்தளச் சுவர் முழுக்கக் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். மாடியில் குழந்தைகளின் படங்கள். பக்கத்தில் சின்ன அட்டையில் பெயர், பிறந்த தேதி, பல படங்களுக்கு இறந்த தேதியும். எந்தப் படம் யாருடையது என்று இன்று சொல்ல முடிவது அந்தக் கையெழுத்துகளால்தான். ஒரு மூலையில் பென்சிலால் அழுத்தி எழுதிய பெயர் ஒன்றின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தேன். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல், அந்தப் பிள்ளை அதைக் கொஞ்சம் மேலே தூக்கி எழுதியிருந்தது.