ஃபில்டர் மாற்றினால் பதின்மூன்று குதிரை வருமாம்

காற்று ஃபில்டரை மட்டும் மாற்றி 37 குதிரைத்திறனை 50 ஆக்கிவிட்டதாக ஒரு தம்பி சொல்லும் அந்த மாருதி 800 வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே நான் எழுதியதையும், அதற்குக் கிடைத்த மரியாதையையும்கூடப் பார்த்திருப்பீர்கள். "பெரியவரே, காலம் மாறிவிட்டது, போய் ஓய்வெடுங்கள்." ஓய்வெடுக்கத்தான் ஆசை. விட மாட்டேன் என்கிறார்களே!

அந்தத் தம்பி கேட்கவில்லை, நீங்களாவது கேளுங்கள். காற்று மட்டும் கூடினால் சக்தி கூடாது. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். முழுச் சக்தி வேண்டுமென்றால் காற்றை 12.5, 13 என்று குறைத்து, பெட்ரோலைத் தாராளமாகக் கொடுக்க வேண்டும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் இதைத் தீர்மானிப்பது ஜெட், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளை. தம்பி அதைத் தொடவே இல்லை. காற்றுப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, பானட்டுக்குள் கொதிக்கிற காற்றை உறிஞ்சும்படி ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டியிருக்கிறார். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பது பள்ளிக்கூடப் பாடம். 37 குதிரைத்திறன் 50 ஆகிவிட்டதாம். எதில் அளந்தார்? காதில்.

இதே 796 சிசி இன்ஜினில் 37-ஐ 45 ஆக்க மாருதி நிறுவனமே என்ன செய்தது தெரியுமா? கார்புரேட்டரைத் தூக்கிவிட்டு எம்பிஎஃப்ஐ, அதாவது கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பை வைத்தது. சிலிண்டருக்கு நான்கு வால்வு என்று ஹெட்டையே மாற்றியது. அத்தனைக்கும் சேர்த்து எட்டு. தம்பிக்கு ஒரு ஃபில்டரில் பதின்மூன்று! அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் இவரிடம் வந்து பாடம் கேட்கலாம்.

சிங்காநல்லூரில் என் சித்தப்பா பட்டறை வைத்திருந்தார். ஜெட் மாற்றினால் விடியற்காலையில் பாலக்காடு சாலைக்கு வண்டியை எடுத்துப் போவார். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து ஓட்டி, அப்படியே இன்ஜினை அணைத்து, கிளட்சை அழுத்தி ஓரம் கட்டுவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வெள்ளைப் பீங்கானின் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பார். பிஸ்கட் நிறம் இருந்தால் சிரிப்பு. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் பேச மாட்டார், என்னைத் திரும்பி ஓட்டவும் விட மாட்டார். வெளுப்பு என்றால் பெட்ரோல் குறைந்த, மெலிந்த கலவை; அதில் மிதித்தால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். அப்படி வந்த பிஸ்டன்களைக் கையில் வாங்கிப் பார்த்தவன் நான்.

"பந்தயக்காரர்கள் எல்லோரும் ஃபில்டர் மாற்றுகிறார்களே?" மாற்றுகிறார்கள். கூடவே ஜெட், கேம், எக்சாஸ்ட், இக்னிஷன் டைமிங் எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். இதே 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தன் எங்கள் கோவைக்காரர். ஃபில்டர் ஒன்று போதும் என்றால் அந்த மனிதர் ஏன் அவ்வளவு பாடுபட வேண்டும்?

"எம்பிஎஃப்ஐ வண்டியில் கணினி தானே சரிசெய்துகொள்ளுமே?" ஓரளவுக்குத்தான். வீடியோவில் இருப்பது கார்புரேட்டர். அடுத்தது.

சட்டம் கேட்டவர்கள் வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது அது பிரச்சினை இல்லை.

"பொறாமை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்த உறுமலைப் பார்த்தா? காற்றுப்பெட்டியைக் கழற்றினால் எந்த வண்டியும் உறுமும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ஜெட்டே போதாது, கலவை ஏற்கெனவே மெலிந்துதான் போகிறது. அதற்கு மேல் இது. இதைத்தான் எழுதினேன். ஒரு கடுஞ்சொல் இல்லை. "தம்பி" என்றுதான் ஆரம்பித்தேன். பிளக் படம் ஒன்று போடச் சொன்னேன், அவ்வளவுதான். கிடைத்தது, "ஓய்வெடுங்கள்".

சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் வண்டியை ஏற்றட்டும். கட்டணம் என்னுடையது. 50 வேண்டாம், 40 வந்தால்கூட இந்தப் பதிவை எடுத்துவிடுகிறேன்.

முகம் தெரியாத பிள்ளை பேசியதுகூடப் பெரிதில்லை. அந்தப் பதிலுக்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் இரண்டு பேர் என்னிடம் கார்புரேட்டர் பிரிக்கக் கற்றுக்கொண்டவர்கள். பெயர் சொல்ல மாட்டேன். அடுத்த முறை ஐட்லிங் நிற்கவில்லை என்று இரவு பத்து மணிக்கு எனக்கு போன் செய்யாதீர்கள், அந்தத் தம்பியையே கூப்பிடுங்கள்.